கடலைப் பெருக்கும் கப்பல்கள்

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் மும்பைவாழ் தமிழர்களில் பலர் குடும்பத்துடன் கேட்வே ஆஃப் இந்தியாவுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஊரிலிருந்து தாயாரோ மாமனாரோ வந்திருந்தால் எலிபெண்டா தீவுக்கு லாஞ்சில் ஒரு பயணம் நிச்சயம் உண்டு. லாஞ்சு கரையைவிட்டு நகர்ந்ததும் இடது பக்கம் கடற்படைத் தளம் தெரியும். சாம்பல் நிறப் போர்க் கப்பல்கள் வரிசையாக நிற்கும். பிள்ளைகள் அவற்றின் பீரங்கிகளைச் சுட்டிக் காட்டுவார்கள். பெரியவர்கள் பெரிய கப்பலைப் பார்த்து வியப்பார்கள்.

அந்தப் பெரிய கப்பல்களுக்கு நடுவே சில ஆண்டுகளுக்கு முன்புவரை சின்னஞ்சிறு கப்பல்கள் சிலவும் நின்றன. அவற்றை யாரும் விரலால் சுட்டிக் காட்டியதாகத் தெரியவில்லை. பார்வைக்கு அவை கம்பீரமாக இருக்கவில்லை. ஆனால் யுத்தம் என்று வந்தால் துறைமுகத்தைவிட்டு முதலில் புறப்பட வேண்டியவை அவைதாம். அவை சென்று வழி சுத்தமாயிருக்கிறது என்று சொன்ன பிறகுதான் பெரிய கப்பல் வெளியே வர முடியும்.

அவற்றின் பெயர் மைன்ஸ்வீப்பர். கடலில் எதிரி போட்டுவைத்த கண்ணிகளை வாரி எடுப்பதால் கண்ணிவாரிக் கப்பல் என்றும் தமிழில் சொல்வதுண்டு. தெருவைப் பெருக்குவதுபோல் கடலைப் பெருக்கும் கப்பல் என்று சொன்னால் இன்னும் எளிதாக விளங்கும்.

2017-ம் ஆண்டு மே 9-ந் தேதி மும்பையில் 'கார்வார்', 'காக்கிநாடா' என்ற இரு கண்ணிவாரிக் கப்பல்களுக்குப் பிரியாவிடை கொடுக்கப்பட்டது. இரண்டும் 30 ஆண்டுகள் உழைத்தவை. 2018-ல் 'கடலூர்' ஓய்வு பெற்றது. 2019-ம் ஆண்டு ஏப்ரலில் கடைசிக் கப்பலான 'கோழிக்கோடு' கொடியிறக்கிக்கொண்டது. அத்துடன் இந்தியக் கடற்படையில் இந்த வேலைக்கென்றே கட்டப்பட்ட கப்பல் ஒன்றுகூட இல்லாமல் போயிற்று.

இது கடற்படை அதிகாரிகளுக்கு மட்டுமே உரிய கவலையா? அல்ல. துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் ஒவ்வொருவருக்கும் இதில் பங்கு உண்டு. ஏன் என்பதைப் பார்ப்போம்.

கண்ணி என்பது என்ன?

கடற்கண்ணி என்பது நீருக்குள் காத்திருக்கும் வெடிகுண்டு. பீரங்கிக் குண்டு எதிரியைத் தேடிச் செல்கிறது. கண்ணி எதிரி தன்னிடம் வரும்வரை காத்திருக்கிறது. ஒரு நாளானாலும் சரி, ஒரு வருஷமானாலும் சரி, அதற்குச் சலிப்பில்லை. சோறு வேண்டாம், சம்பளம் வேண்டாம், தூக்கமும் வேண்டாம்.

பழைய ரகக் கண்ணி பெரிய இரும்புப் பந்துபோல் இருக்கும். அதன்மேல் கொம்புகள் துருத்திக்கொண்டிருக்கும். பந்து மிதக்கும் தன்மையுடையது. ஆனால் அடியில் ஒரு கனமான நங்கூரத்துடன் கம்பியால் கட்டியிருப்பதால் மேலே வராமல், கப்பலின் அடிப்பாகம் இடிக்கும் ஆழத்தில் நிற்கும். கொம்பு மிருதுவான ஈயத்தால் ஆனது. அதற்குள் திராவகம் நிரப்பிய கண்ணாடிக் குழாய் இருக்கிறது. கப்பல் இடித்ததும் ஈயம் வளையும், கண்ணாடி உடையும். திராவகம் கீழே இறங்கி அங்குள்ள தகடுகளில் பட்டு மின்சாரம் உண்டாகும். அடுத்த கணம் கண்ணி வெடிக்கும். டார்ச் விளக்கின் பாட்டரி எப்படி வேலை செய்கிறதோ அப்படித்தான் இதுவும். திராவகம் சேரும்வரை இந்தப் பாட்டரி உறங்கிக்கொண்டிருப்பதால் எத்தனை ஆண்டானாலும் தீர்ந்துபோவதில்லை.

இரண்டாவது ரகம் இதைவிடப் பொல்லாதது. அது கடலின் தரையில் கிடக்கும். கப்பல் அதை இடிக்க வேண்டியதில்லை, மேலே கடந்து சென்றாலே போதும். இரும்புக் கப்பல் ஒரு பெரிய காந்தம் போன்றது. அந்தக் காந்த சக்தியை உணர்ந்து வெடிக்கும் கண்ணி ஒன்று. எஞ்சின் சத்தத்தையும் விசிறியின் சத்தத்தையும் கேட்டு வெடிப்பது மற்றொன்று. கப்பல் மேலே செல்லும்போது அடியில் நீரின் அழுத்தம் சற்றுக் குறையும், அதைக்கூட உணர்ந்து வெடிக்கும் கண்ணியும் உண்டு. இந்த மூன்று உணர்ச்சிகளும் சேர்ந்து அமைந்த கண்ணிகளும் வந்துவிட்டன.

இன்னொரு தந்திரமும் இருக்கிறது. சில கண்ணிகளில் எண்ணிக்கைக் கருவி வைத்திருப்பார்கள். முதல் கப்பலை விட்டுவிடும், இரண்டாவதையும் விட்டுவிடும். ஐந்தாவது கப்பலுக்கென்று குறித்து வைத்திருந்தால் அது வரும்போதுதான் வெடிக்கும். நான்கு கப்பல்கள் பத்திரமாகப் போய்விட்டன என்று நம்பிப் பின்னால் வருகிறவன் அகப்பட்டுக்கொள்வான்.

எம்டனும் ஓநாயும்

எம்டன் என்ற பெயரைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது. 1914-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி இரவு அந்த ஜெர்மன் கப்பல் சென்னைமீது குண்டு வீசியது. துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. பட்டணத்து ஜனங்கள் வெளியூர்களுக்கு ஓடினார்கள். சாமர்த்தியமான ஆளை 'அவன் சரியான எம்டன்' என்று சொல்லும் வழக்கம் அன்று ஏற்பட்டதுதான்.

எம்டனுக்குக் கிடைத்த புகழ் 'வுல்ஃப்' என்ற மற்றொரு ஜெர்மன் கப்பலுக்குக் கிடைக்கவில்லை. வுல்ஃப் என்றால் ஓநாய். சரக்குக் கப்பல் போல வேஷமிட்ட இந்தக் கப்பல் 1916-ம் ஆண்டு நவம்பர் கடைசியில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. கேப்டன் கார்ல் நெர்கர். கப்பலின் வயிற்றில் 400-க்கும் மேற்பட்ட கண்ணிகள் இருந்தன.

நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவந்த வுல்ஃப், 1917 பிப்ரவரியில் கொழும்புக்கு வெளியிலும் பம்பாய்க்கு வெளியிலும் இரவோடு இரவாகக் கண்ணிகளைப் போட்டுவிட்டு மறைந்துவிட்டது. ஒரு குண்டுகூடச் சுடவில்லை. யாரும் அதைப் பார்க்கவுமில்லை. அதே மாதத்தில் கொழும்பு அருகே 'ஊஸ்டர்ஷயர்', 'பெர்சியஸ்' என்ற இரு பிரிட்டிஷ் கப்பல்கள் கண்ணியில் மோதி மூழ்கின.

பம்பாய்க்கு வெளியே போட்ட கண்ணிகள் மேலும் சில மாதங்கள் காத்திருந்தன. ஜூன் 23-ந் தேதி பம்பாய்க்குத் தெற்கே சுமார் 50 மைல் தூரத்தில் பி.அண்டு ஓ. கம்பெனியின் தபால் கப்பலான 'மங்கோலியா' கண்ணியில் மோதி மூழ்கியது. 20 பேருக்குமேல் உயிரிழந்தார்கள். தபால் பைகளும் கடலுக்குள் போயின. மங்கோலியா மூழ்கிய நேரத்தில் அதற்குக் காரணமான வுல்ஃப் பல்லாயிரம் மைலுக்கு அப்பால் நியூஜிலாந்துப் பக்கம் இருந்தது. அங்கும் அது கண்ணிகளைப் போட்டுக்கொண்டிருந்தது!

சுமார் 15 மாதப் பயணத்தை முடித்துக்கொண்டு 1918 பிப்ரவரியில் வுல்ஃப் பத்திரமாக ஜெர்மனிக்குத் திரும்பிற்று. எம்டன் சென்னையில் ஓர் இரவு செய்ததை ஊரே பார்த்தது. வுல்ஃப் செய்தது நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கண்ணிக்கும் பீரங்கிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

மீனவர்கள் தொடங்கிய வேலை

கண்ணி வாரும் கலையை முதலில் கற்றுக்கொடுத்தவர்கள் மீனவர்கள் என்றால் வியப்பாக இருக்கலாம். 1907-ல் பிரிட்டிஷ் அட்மிரல் லார்ட் சார்லஸ் பெரஸ்போர்டு, கிரிம்ஸ்பி என்ற மீன்பிடி துறைமுகத்துக்குச் சென்றார். அங்கே இழுவைப் படகுகள் கனத்த கம்பிகளைக் கட்டிக் கடலில் வலை இழுத்துச் செல்வதைக் கண்டார். மீனுக்குப் பதில் கண்ணியை ஏன் இப்படி வாரக் கூடாது என்று யோசித்தார். அவருடைய யோசனையின்படி இழுவைப் படகுகளும் அவற்றில் வேலை செய்த மீனவர்களும் கடற்படையில் சேர்க்கப்பட்டார்கள். இரண்டு உலக யுத்தங்களிலும் வட கடலில் கண்ணி வாரியவர்களில் கணிசமானோர் இப்படி வலையைவிட்டு வந்தவர்களே.

வேலை செய்யும் விதம் இதுதான். கப்பலின் பின்புறமிருந்து நீளமான இரும்புக் கம்பி ஒன்றை நீரில் விடுவார்கள். கம்பியின் நுனியில் ஒரு மிதவை. அதன் கீழே பலகை போன்ற ஓர் அமைப்பு. கப்பல் முன்னே போகும்போது நீரின் வேகத்தால் இந்தப் பலகை பட்டம்போல் பக்கவாட்டில் விலகிச் செல்லும். கம்பி வில்லாக வளைந்து அகலமான பாதையை வாரிக்கொண்டு வரும். கம்பியில் ஆங்காங்கே வெட்டுக் கத்திகள் இருக்கும். கண்ணியைக் கட்டியிருக்கும் கம்பி இதில் சிக்கினால் அறுந்துவிடும். கண்ணி மேலே மிதந்து வரும். உடனே துப்பாக்கியாலோ பீரங்கியாலோ சுட்டு அழிப்பார்கள்.

ஒரு தடவை போய்வந்தால் ஒரு பட்டை அளவு கடல் சுத்தமாகும். பிறகு திரும்பி அதை ஒட்டி அடுத்த பட்டை. வயலில் ஏர் பூட்டி உழவு சால் போடுவதுபோல்தான். சால் தப்பினால் உழவு கெடும். இங்கே சால் தப்பினால் கப்பல் கெடும். காற்றும் நீரோட்டமும் இழுத்தாலும் கோடு பிசகாமல் கப்பலை ஓட்ட வேண்டும்.

சேற்றில் கிடந்த ரகசியம்

இரண்டாவது உலக யுத்தம் தொடங்கியதும் பிரிட்டிஷ் கப்பல்கள் காரணம் தெரியாமல் மூழ்கத் தொடங்கின. வழக்கமான முறையில் வாரிப் பார்த்தும் கண்ணி எதுவும் அகப்படவில்லை. தரையில் கிடக்கும் காந்தக் கண்ணியை ஜெர்மனி பயன்படுத்துகிறது என்ற சந்தேகம் எழுந்தது. ஆனால் கையில் ஒன்றாவது கிடைத்தால்தானே அதன் சூட்சுமம் புரியும்?

1939-ம் ஆண்டு நவம்பரில் அதிர்ஷ்டம் வந்தது. தேம்ஸ் நதி முகத்துவாரத்தில் ஷூபரினஸ் என்ற இடத்தில் ஜெர்மன் விமானம் ஒன்று கண்ணியைத் தவறான இடத்தில் போட்டுவிட்டது. அலை வடிந்ததும் அது சேற்றில் வெளியே தெரிந்தது. லெப்டினன்ட் கமாண்டர் ஜான் ஊவ்ரி என்ற அதிகாரி நவம்பர் 23-ந் தேதி அதன் அருகே சென்றார். காந்தக் கண்ணியானால் இரும்புக் கருவி பட்டாலே வெடித்துவிடலாம். எனவே காந்தம் ஒட்டாத பித்தளைக் கருவிகளைத் தயார் செய்துகொண்டார். பால்ட்வின் என்ற மாலுமி துணைக்கு நின்றார். ஒவ்வொரு திருகாகக் கழற்றினார்கள். வெடிக்காமல் கண்ணி கைக்கு வந்தது.

அதைப் பிரித்துப் பார்த்த பிறகு இரண்டு மாற்று வழிகள் பிறந்தன. ஒன்று, கப்பலைச் சுற்றி மின்கம்பி கட்டி அதன் காந்த சக்தியை அடக்கிவிடுவது. மற்றொன்று, இரு கப்பல்கள் அருகருகே சென்று பின்னால் மிதக்கும் நீண்ட கேபிள்கள் வழியே கடல் நீரில் மின்சாரம் பாய்ச்சுவது. அந்த மின்சாரம் உண்டாக்கும் காந்த சக்தியைக் கப்பல் என்று நம்பிக் கண்ணி வெடித்துவிடும். சத்தக் கண்ணிக்கு இதேபோல் சத்தம் எழுப்பும் கருவியை இழுத்துச் சென்றார்கள். அழுத்தக் கண்ணியைத்தான் எளிதில் ஏமாற்ற முடியவில்லை. அதற்கு உகந்த வழி மெதுவாகப் போவதுதான்.

காந்தக் கண்ணி வந்த பிறகு கண்ணிவாரிக் கப்பலின் உடம்பும் மாறிற்று. இரும்பால் கட்டினால் அது தானே கண்ணிக்குப் பலியாகிவிடும். ஆகவே மரத்தால் கட்டினார்கள். எஃகுக் கப்பலே கதி என்றிருந்த கடற்படைகள் மறுபடியும் தச்சனைத் தேடிப் போயின. பிரிட்டனின் 'டன்' ரகக் கப்பல்களுக்கு அலுமினியச் சட்டமும் மரப் பலகையும் உண்டு. 1973-ல் பிரிட்டனின் 'வில்டன்' முழுவதும் ஃபைபர்கிளாசால் கட்டப்பட்டு வந்தது.

வாருவதிலிருந்து வேட்டைக்கு

வாருவதில் ஒரு குறை உண்டு. எண்ணிக்கைக் கருவி வைத்த கண்ணியை ஒரு தடவை வாரி நம்பிவிட முடியாது. அதே பாதையில் பல தடவை போய்வர வேண்டும். இதனால் வேட்டை முறை வந்தது. கப்பலின் முன்பகுதியிலுள்ள சோனார் கருவி ஒலி அலையை அனுப்பிக் கடலின் தரையைத் தடவிப் பார்க்கும். சந்தேகமான பொருள் தென்பட்டால் கப்பல் அங்கேயே நிற்கும். கம்பியில் கட்டிய சிறு இயந்திரத்தை நீருக்குள் அனுப்புவார்கள். அதிலுள்ள காமிராவில் பார்த்து, கண்ணிதான் என்று தெரிந்தால் பக்கத்தில் வெடிமருந்தை வைத்துவிட்டு இயந்திரம் திரும்பும். சில சமயம் முத்துக் குளிப்பவர்போல் மனிதரே இறங்கிப் பார்ப்பதும் உண்டு.

சிரமம் என்னவென்றால் கடலின் தரையில் கண்ணி மட்டும் கிடப்பதில்லை. பழைய பீப்பாய், உடைந்த நங்கூரம், பாறாங்கல், டயர் என்று எல்லாம் கிடக்கும். ஒவ்வொன்றையும் பார்த்து இது அல்ல, இது அல்ல என்று கழிக்க வேண்டும். 2003-ல் ஈராக்கின் உம் கசர் துறைமுகத்தில் கண்ணி தேட அமெரிக்கா பழக்கிய டால்பின்களைக்கூட இறக்கிற்று.

சல்லிக் காசில் பெரிய சேதம்

ஏழை நாட்டுக்கும் கட்டுப்படியாகும் ஆயுதம் கண்ணி. 1950-ம் ஆண்டு அக்டோபரில் கொரிய யுத்தத்தின்போது வொன்சான் துறைமுகத்தில் அமெரிக்கப் படை இறங்கத் திட்டமிட்டது. வட கொரியாவிடம் சொல்லிக்கொள்ளும்படியான கடற்படை இல்லை. ஆனால் சோவியத் உதவியுடன், நாட்டுப் படகுகளிலிருந்து சுமார் 3,000 கண்ணிகளைப் போட்டிருந்தார்கள். 'பைரட்', 'பிளெட்ஜ்' என்ற இரு அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல்கள் அக்டோபர் 12-ந் தேதி மூழ்கின. சிப்பாய்களை ஏற்றிய கப்பல்கள் கரையேற முடியாமல் நாள் கணக்கில் முன்னும் பின்னுமாக ஓடிக்கொண்டிருந்தன. அவர்கள் இறங்குவதற்குள் தென் கொரியப் படை தரை வழியாகவே வந்து ஊரைப் பிடித்துவிட்டது.

பாரசீக வளைகுடாவில் தமிழர்கள் வேலைக்குச் செல்லத் தொடங்கிய காலத்தில் அங்கும் இந்த ஆபத்து வந்தது. ஈரான் - ஈராக் யுத்தத்தின்போது 1987 ஜூலை 24-ந் தேதி 'பிரிட்ஜ்டன்' என்ற ராட்சத எண்ணெய்க் கப்பல் அமெரிக்கப் போர்க் கப்பல்களின் பாதுகாப்பில் சென்றுகொண்டிருந்தபோது கண்ணியில் மோதியது. அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பாதுகாக்க வந்த போர்க் கப்பல்கள் எண்ணெய்க் கப்பலுக்குப் பின்னால் வரிசையாகப் போய் நின்றுகொண்டன! கனத்த உடம்புள்ள எண்ணெய்க் கப்பல் இன்னொரு அடியையும் தாங்கும், மெல்லிய போர்க் கப்பல் தாங்காது என்பதே காரணம்.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி 'சாமுவேல் ராபர்ட்ஸ்' என்ற அமெரிக்கப் போர்க் கப்பல் கண்ணியில் மோதிப் பிளந்தது. மாலுமிகள் இரவு பகலாகப் பாடுபட்டு அதை மூழ்காமல் காத்தார்கள். அந்தக் கண்ணியின் அமைப்பு 1908-ம் ஆண்டைச் சேர்ந்தது. விலை சுமார் 1,500 டாலர். கப்பலைப் பழுதுபார்க்க ஆன செலவு சுமார் 9 கோடி டாலர். 1991 பிப்ரவரி 18-ந் தேதி ஒரே நாளில் 'திரிபோலி', 'பிரின்ஸ்டன்' என்ற இரண்டு அமெரிக்கக் கப்பல்கள் ஈராக் போட்ட கண்ணிகளில் சேதமடைந்தன.

யுத்தம் முடிந்தாலும் கண்ணிக்கு யுத்தம் முடிவதில்லை. பங்களாதேஷ் பிறந்தபோது சிட்டகாங் துறைமுகம் கண்ணிகளாலும் மூழ்கிய கப்பல்களாலும் அடைபட்டுக் கிடந்தது. வெளிநாட்டுத் தானியம் வந்து இறங்கினால்தான் ஜனங்கள் சாப்பிட முடியும் என்ற நிலை. 1972 ஏப்ரலில் வந்த சோவியத் கடற்படையினர் 1974 ஜூன் வரை அங்கே தங்கி வேலை செய்தார்கள். யூரி ரெட்கின் என்ற சோவியத் மாலுமி 1973-ல் அங்கே உயிரிழந்தார். அவருடைய கல்லறை பதேங்காவில் இருக்கிறது. உக்ரைன் யுத்தம் தொடங்கிய 2022-ம் ஆண்டில் அறுந்து மிதந்த கண்ணிகள் துருக்கியின் பாஸ்பரஸ் ஜலசந்தி வரை வந்தன. அவற்றை வாருவதற்கென்றே துருக்கி, ருமேனியா, பல்கேரியா ஆகிய மூன்று நாடுகளும் 2024 ஜனவரியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன.

கடலூர் என்று ஒரு கப்பல்

சுதந்திரத்துக்குப் பின் 1950-களில் இந்தியா பிரிட்டனிடமிருந்து கண்ணிவாரிக் கப்பல்களை வாங்கியது. 1956-ல் வந்த நான்கு 'டன்' ரகக் கப்பல்களுக்குக் கார்வார், கண்ணனூர், கடலூர், காக்கிநாடா என்று பெயர். பெரிய போர்க் கப்பல்களுக்கு டில்லி, மைசூர் என்று பெயர் வைத்தவர்கள், இந்தச் சின்னக் கப்பல்களுக்குச் சின்னத் துறைமுகங்களின் பெயரை வைத்தார்கள்.

இவற்றுக்கு வயதானதும் சோவியத் நாட்டிலிருந்து புதியவை வந்தன. 1978-ல் முதலாவதாக வந்தது 'பாண்டிச்சேரி'. பிறகு போர்பந்தர், பேடி, பாவ்நகர், ஆலப்புழை, ரத்னகிரி, கார்வார், கண்ணனூர், கடலூர், காக்கிநாடா, கோழிக்கோடு, கொங்கண் என்று 1988 வரை மொத்தம் 12 கப்பல்கள். ஒவ்வொன்றும் சுமார் 61 மீட்டர் நீளம், சுமார் 800 டன் எடை. இவை தவிர, கரையோர ஆழமற்ற நீருக்கென்று ஃபைபர்கிளாசால் ஆன ஆறு சிறு கப்பல்களும் 1983, 1984-ல் வந்தன. மாஹே, மால்வண், மங்ரோல், முல்கி, மக்தலா, மால்பே என்பவை அவை. கொச்சி அவற்றின் இருப்பிடம்.

ஊர் பெயரைத் தாங்கிய கப்பலுக்கும் ஊருக்கும் ஓர் உறவு உண்டு. கடலூர்க்காரர் ஒருவர் மும்பையிலோ விசாகப்பட்டினத்திலோ கப்பலின் பின்புறம் தம் ஊர்ப் பெயரைப் படித்தால் ஒரு நிமிடம் நின்றுதான் போவார். அந்தப் பெயரைத் தாங்கிய கப்பல் 30 ஆண்டு உழைத்து, 2018 மார்ச்சில் விசாகப்பட்டினத்தில் விடைபெற்றது.

புதியவை ஏன் வரவில்லை?

பழையவை போவதற்குள் புதியவை வந்திருக்க வேண்டும். தென் கொரியாவின் கங்நாம் நிறுவனத்தின் தொழில் நுட்பத்துடன் கோவா கப்பல் கட்டும் தளத்தில் 12 கப்பல்கள் கட்டுவதென்று நீண்ட காலம் பேச்சு நடந்தது. மதிப்பு சுமார் ரூ.32,000 கோடி. விலை, தொழில் நுட்பம் ஆகியவற்றில் உடன்பாடு ஏற்படாமல் 2018-ல் அது கைவிடப்பட்டது. பேச்சு நடந்த ஆண்டுகளில் பழைய கப்பல்களுக்கு வயதாகிக்கொண்டே இருந்தது.

2025-ம் ஆண்டு ஜூலையில் பாதுகாப்பு அமைச்சகத்தின் கொள்முதல் கவுன்சில், கண்ணி எதிர்ப்புக் கப்பல்களை இந்தியாவிலேயே கட்டி வாங்குவதற்கு முதல்கட்ட அனுமதி கொடுத்தது. இது தொடக்கம்தான். டெண்டர், ஒப்பந்தம், கட்டுமானம், சோதனை ஓட்டம் எல்லாம் முடிந்து கப்பல் கடலுக்கு வரச் சில ஆண்டுகளாகும். அதுவரை மற்றக் கப்பல்களில் பொருத்திக்கொள்ளும் கருவிகளைக்கொண்டு கடற்படை சமாளிக்க வேண்டியிருக்கிறது. ஆளில்லாமல் நீருக்கடியில் சென்று கண்ணி தேடும் சிறு வாகனங்களை விசாகப்பட்டினத்திலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக்கூடம் உருவாக்கியிருப்பதாக 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. மனிதனைக் கண்ணியின் அருகே அனுப்பாமல் வேலையை முடிக்க இவை உதவும்.

மாஹே, மால்வண், மங்ரோல் என்ற பெயர்களும் திரும்பி வந்துவிட்டன. 2023 நவம்பரில் கொச்சியில் அதே பெயர்களில் மூன்று கப்பல்கள் நீரில் இறக்கப்பட்டன. ஆனால் அவை நீர்மூழ்கிகளை வேட்டையாடுபவை. பெயர் வந்தது, பழைய வேலைக்கு ஆள் இன்னும் வரவில்லை.

அடுப்படி வரை வரும் விஷயம்

இந்தியாவின் வெளிநாட்டு வாணிபத்தில் எடைக் கணக்கில் சுமார் 95 சதவீதம் கடல் வழியாகவே நடக்கிறது. எலிபெண்டாவுக்குப் போகும் லாஞ்சிலிருந்து பார்த்தால் ஜவாஹர் தீவின் எண்ணெய்த் துறை தெரியும். எதிர்க்கரையில் நவசேவாவின் உயரமான கிரேன்கள் தெரியும். அங்கே வந்து நிற்கும் கப்பல்கள் கடலில் இஷ்டம்போல் ஓடிவிட முடியாது. தூர் வாரிய குறுகலான கால்வாய் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். பெரிய துறைமுகங்கள் பலவற்றிலும் இதே நிலைதான். ஒரு தெருவுக்கு ஒரே வாசல் இருப்பது போன்றது இது.

அந்த வாசலில் ஒரு கண்ணி கிடக்கிறது என்ற சந்தேகம் வந்தாலே போதும். கண்ணி உண்மையில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. வாரிப் பார்த்து இல்லை என்று சொல்லும்வரை எந்தக் கேப்டனும் கப்பலை உள்ளே கொண்டுவர மாட்டார். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கட்டணத்தை ஏற்றும். சரக்குக் கப்பல்கள் வெளியே காத்து நிற்கும், காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். கண்டெய்னர் வராவிட்டால் டிரைவருக்கு டிரிப் இல்லை. கிளியரிங் ஆபீசில் குமாஸ்தாவுக்கு வேலை இல்லை. கோடவுனில் தினக்கூலிக்கு வரும் ஆளுக்கு அன்றைக்குக் கூலி இல்லை. சமையல் எரிவாயுவும் சமையல் எண்ணெயும் பெருமளவு கப்பலில்தான் வருகின்றன. ஆக, கடலுக்கடியில் கிடக்கும் ஓர் இரும்புப் பந்து தாராவியிலும் செம்பூரிலும் அடுப்படி வரை வந்துவிடுகிறது.

தெருவைப் பெருக்குகிற தொழிலாளியை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அவர் நான்கு நாள் வராவிட்டால்தான் தெருவே பேசும். கண்ணிவாரிக் கப்பலின் கதையும் அதுவே. அது நன்றாக வேலை செய்தால் எதுவும் நடப்பதில்லை, கப்பல்கள் வழக்கம்போல் வரும், போகும். எதுவும் நடக்காததைப் பத்திரிகையில் யாரும் செய்தியாகப் போடுவதுமில்லை.

1917-ல் மங்கோலியா மூழ்கிய கடல் இதே மும்பைக் கடல்தான். அனுமதி கிடைத்துள்ள புதிய கப்பல்கள் கட்டப்பட்டு வந்தால் அவற்றில் ஒன்றுக்கு மறுபடியும் கடலூர் என்றோ புதுச்சேரி என்றோ பெயர் வைக்கப்படலாம். அப்போது எலிபெண்டா லாஞ்சில் செல்லும் தமிழர்கள் பெரிய கப்பலைப் பார்த்து முடித்த பிறகு, பக்கத்தில் நிற்கும் அந்தச் சின்னக் கப்பலையும் தங்கள் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.